தட்டி சாய்ந்திருந்த பக்கம்

போதும், இவ்வளவு காலம் நான் வாய் திறக்காமல் இருந்தது.

நீ செத்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுமலர் அச்சடிக்கிறார்களாம். கனடாவிலிருந்து வந்து நிற்கிற உன் மகன், உன்னைப் பற்றிய நினைவுகளை எழுதித் தரும்படி ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறான். என் வீட்டு வாசல் படலைக்கும் வந்தான். "அங்கிள், அப்பாவும் நீங்களும் ஒண்டாப் படிச்சனீங்களாமே" என்றான். ஓம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எல்லாரும் உன்னைப் பரோபகாரி என்று எழுதுவார்கள். செத்தவரைப் பற்றி எங்கள் ஊரில் வேறு சொல் அச்சேறுவதில்லை.

நேற்றுவரை நானும் எழுதுவதாக இல்லை. நேற்றிரவு அந்த நாற்றம் வந்தது. சேறும் மூத்திரமும் புளித்த கிழங்கும் கலந்த பன்றி நாற்றம், உன் காணிப் பக்கமிருந்து. காவலுக்கு ஆளில்லை என்பதை அவை எப்படியோ அறிந்துகொண்டுவிட்டன.

எத்தனை இரவுகள் அந்த நாற்றத்தின் பின்னால் நடந்திருப்போம். போரில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது காணிகள் பற்றையாகக் கிடந்தன, பன்றிகள் பெருகியிருந்தன. சுடுவதற்குத் துவக்கு வைத்திருக்க முடியாத ஊர். உன்னிடம் இரண்டு நாய்களும் ஓர் ஈட்டியும் இருந்தன. என்னிடம் ரோச் லைற் இருந்தது. நாய்கள் வளைத்து நிறுத்தும், நான் வெளிச்சம் பிடிப்பேன், நீ குத்துவாய். "பட்டதாரி, லைற்றை முகத்திலை பிடி. உடம்பிலை பிடிச்சா அது என்னைப் பாத்திடும்" என்பாய். பட்டம் படித்தும் வேலை கிடைக்காதவனை அப்படி அழைக்க உன்னை மட்டும்தான் விட்டிருந்தேன். பிறத்தியார் உறுதிப் பத்திரம் வைத்திருக்கிற காணிக்குள் பாய்ந்து துரத்தும்போது நான் தயங்கினால், "பன்றிக்கு உறுதி வாசிக்கத் தெரியாது மச்சான். நாங்கள்தான் படிச்சுக் கெட்டுப்போனம்" என்று சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன்.

கோயில் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை ஊருக்குள் உயிர் கொல்லக் கூடாது. அந்த நாட்களில் தகரம் தட்டித் துரத்த மட்டும்தான் செய்யலாம். துரத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். நம் இரு காணிகளுக்கும் நடுவேலியில், போய்வருவதற்கென்று ஆள் நுழையுமளவு நாமே விட்ட இடைவெளி, ஒரு பொட்டு இருந்தது. அதை, விளிம்பு வாள்போல் அறுக்கும் பனங்கருக்குமட்டையில் கட்டிய தட்டியால் சாத்தி வைப்போம். ஒருவன் அதைக் காத்து நிற்க, மற்றவன் வடக்கிலிருந்து தகரம் தட்டிக்கொண்டு வந்தால், பன்றிகள் தெற்குப் பற்றைக்குள் போய்விடும்.

அந்த வருடம் என் காணியில் மரவள்ளி முற்றி நின்றது. மண் திரும்பிக் கிடைத்தபின் முதல் பயிர். பாயோடு கிடந்த அப்பாவுக்கு அந்த மண்ணின் கிழங்கு அவித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வைத்தது. அது உனக்கும் தெரியும். தடி நட்டபோது நீயும் கூட நின்றாய். கொடியேறிய நாட்களில் எங்கள் வீட்டார் உபயமான திருவிழா அன்று இரவு நான் கோயிலில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு காணியையும் பார்த்துக்கொள் என்றேன். "நீ போய்ச் சாமியைத் தூக்கு. நான் பன்றியைப் பாக்கிறன்" என்றாய்.

விடியற்காலையில் நெற்றியில் திருநீற்றோடு வந்து பார்த்தேன். என் மரவள்ளி ஒரு மூடு மிச்சமில்லை. உன்னுடையது அப்படியே நின்றது. குளம்படிகள் உன் காணியிலிருந்து பொட்டு வழியாக வந்திருந்தன. பன்றி முட்டித் தள்ளியிருந்தால் தட்டி என் பக்கம் விழுந்து மிதிபட்டுக் கிடந்திருக்கும். அது உன் பக்கம், வேலியோடு ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு கைதான் அதைச் செய்திருக்க முடியும்.

நீ கிணற்றடியில் நின்று, முழங்காலுக்குக் கீழே இருந்த கீறலைக் கழுவிக்கொண்டிருந்தாய். தட்டியை ஆர் திறந்தது என்று கேட்டேன். நீ நிமிரவில்லை.

"பன்றிக்கு உறுதி வாசிக்கத் தெரியாதுதானே மச்சான்" என்றாய்.

அதுதான் நாம் கடைசியாகக் கதைத்தது. அப்பாவுக்குக் கொடிகாமம் சந்தையில் கிழங்கு வாங்கி அவித்தேன். ஒரு துண்டு வாயில் வைத்தார். "இது எங்கடை மண் இல்லை" என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். அடுத்த பயிர் முற்றும்வரை அவர் இருக்கவில்லை.

தட்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அதன்பின் நீ பன்றி அடித்த நாட்களிலெல்லாம், வேட்டைக்கு வராத என் இறைச்சிப் பங்கும் ஓர் ஓலை உமல் பையில் அந்த வேலியில் தொங்கும். நான் எடுக்கவில்லை. காகங்கள் தின்றன. நீயும் தொங்கவிடுவதை நிறுத்தவில்லை. பிடிவாதத்தில் நீ எனக்குக் குறைந்தவன் இல்லை. உன் செத்த வீட்டன்று நான் தெருவிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

நேற்றிரவு அவை உன் மரவள்ளியை முறிக்கிற சத்தத்தைப் படுத்திருந்தபடி கேட்டேன். பிறகு எழுந்தேன். ஏனென்று கேட்காதே. கம்பியை அவிழ்த்து, தட்டியை என் பக்கம் இழுத்து வேலியோடு சாய்த்து வைத்துவிட்டு, உன் காணிக்குள் நுழைந்து தகரத்தைத் தட்டினேன். அவை தெற்கே போகவில்லை. என் பக்கம் திரும்பின. பழைய பழக்கத்தில் முன்னால் வந்ததன் முகத்தில் வெளிச்சத்தைப் பிடித்தேன். அது என்னை மோதாமல் விலகி, நான் திறந்துவிட்டிருந்த பொட்டுக்குள் பாய்ந்தது. மற்றவையும் அதன் பின்னால். நான் வேலியில் விழுந்தேன். கருக்கு முழங்காலுக்குக் கீழே கிழித்தது.

விடியும்வரை கிணற்றடியில் இருந்து அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் அன்று என் காணியைக் காக்கத்தான் தட்டியைத் திறந்தாயா? உன் பக்கம் இழுத்துச் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்தாயா, அப்போதுதான் உன் காணிக்குள் இறங்கியவை திறந்த பொட்டால் உன்னை இடித்துக்கொண்டு பாய்ந்தனவா? அப்படித்தான் என்றால், ஒரு சொல் சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது? ஒரு பகிடிப் பேச்சைச் சொல்லிவிட்டு இத்தனை வருடம் இறைச்சியைத் தொங்கவிட்டாய். அதைப் பதிலென்று நான் எப்படி வாசிப்பேன்? உன்னை மன்னித்தேன் என்று எழுத எனக்கு மனமில்லை. நீ குற்றவாளி என்று எழுதவும் நேற்றிலிருந்து கை வரவில்லை.

பெயர் போட்டால் உன் மகன் படலையில் வந்து நின்று உனக்காக மன்னிப்புக் கேட்பான். நல்ல பிள்ளை. எதற்கென்று அவனுக்குத் தெரியாது. இப்போது எனக்கும் தெரியவில்லை. வாசித்தால் ஆரென்று ஊருக்குத் தெரியும், தெரியட்டும். பெயரில்லாத மடலுக்கு வேறு ஒருவரும் வந்து பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டியவன் நீ ஒருவன்தான். பெயர் போடாமலே, கல்வெட்டுக்கென்று உன் மகனுக்குத் தபாலில் சேர்க்கிறேன்.