கையால் சுற்றும் மெஷின்

அந்த வழக்கறிஞன், அந்த அவ்வொக்காத்தோ, உன்னைக் கொன்றான். ஆத்திரத்தில் எழுதவில்லை. நடந்தது அதுதான்.

இன்றைக்கு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், வேட்டைச் சாமான் விற்கும் கடையின் கண்ணாடிக்குள், நீ அவனை வாங்கச் சொல்ல நினைத்த, தோட்டா ஏற்றும் மெஷினைக் கண்டேன். ஐந்து நிலைகள், தானாகச் சுற்றும் தட்டு, வெடிமருந்து கூடினால் கத்துகிற சின்னப் பெட்டி. படத்தில் பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது. வேலைக்குப் பிந்துகிறது என்று தெரிந்தும் நின்றேன். கடைக்காரன் வெளியே வந்து, போ என்று கையைக் காட்டினான்.

அல்பெர்கேரியாப் பகுதியில் நாம் இருவரும் இருந்த அறையில் அந்த மெஷின் கட்டலொக்குகள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தன. நீ வீடு துடைத்த வழக்கறிஞனுக்குச் சுடுவது பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாக்களின் வெறுங்கோதுகளில் திரும்ப மருந்தும் ஈயச் சன்னமும் ஏற்ற ஒரு மெஷின் தேடினான். விளக்கமெல்லாம் ஆங்கிலம். அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நீ மட்டும்தான்.

நீ அதைச் சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தாய். "மச்சான், ஒருக்கா கைப்பிடியை இழுத்தா ஒவ்வொரு நிலையிலையும் ஒவ்வொரு வேலை நடக்கும். ஒண்டிலை மருந்து விழும், அடுத்ததிலை சன்னம் ஏறும், கடைசியிலை முழுத் தோட்டாவா வந்து விழும்."

"துவக்குத் தூக்கமாட்டன் எண்டு நாட்டை விட்டு ஓடி வந்தவன், இஞ்சை இருந்து தோட்டா பாடமாக்கிறான்" என்று நான் நக்கலடித்தேன்.

"வாசிக்கிறதுதானேடா. தொடேல்லை."

வழக்கறிஞனிடம் மூன்று கலிபரில் துவக்குகள் இருந்தன: ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல், முப்பத்தெட்டு ரிவோல்வர், பன்றி வேட்டைக்கு ஒரு ரைபிள். கட்டலொக்கில் இருந்த மூன்றில் சின்ன மெஷின் ரைபிள் தோட்டாவுக்கு ஆகாது என்று முதல் நாளே தள்ளிவைத்தாய். மிச்சம் இரண்டு மெஷின். ஒன்றில் நான்கு நிலை, தட்டைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு கலிபரிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடலாம். மற்றதில் ஐந்து நிலை, தட்டு தானாகச் சுற்றும். ஆனால் கலிபர் மாற்ற அரை மணித்தியாலம் திருகாணியோடு மாரடிக்க வேண்டும். அவனுக்கு முதலாவதில்தான் ஆசை.

நீ தலையாட்டவில்லை. "ஆறுதலா ஒரு இடத்திலை இருந்து செய்யிறவனுக்குக் கையாலை சுத்திறது நல்ல சாமான். இவன் இருக்கமாட்டான். ஃபோன் அடிச்சா எழும்பிப் போவான். திரும்பி வந்து, தட்டைச் சுத்தினனோ இல்லையோ எண்டு மறந்தா ஒரே கோதுக்கை ரெண்டு தரம் மருந்து விழும். முப்பத்தெட்டின்ரை கோது நீளம். ரெண்டு தரம் விழுந்தாலும் வழியாது, தெரியவராது."

அப்போது சொன்னேன், எனக்கு நல்ல நினைவு: "அவன் மனசுக்குள்ளை எப்பவோ வாங்கியிட்டான். உன்ரை பெர்மெஸ்ஸோ விசாவுக்குக் கையெழுத்து வைக்கப்போறது ஆர்? மனுசியையும் பிள்ளையையும் இஞ்சை எடுக்கிற யோசனை இருக்கோ இல்லையோ? அவன் கேக்க விரும்பிறதைச் சொல்லிப்போட்டு வா."

அடுத்த நாள் போய், கையால் சுற்றுவதுதான் சரி என்று சொன்னாய். அவன் "பிராவோ" என்று முதுகில் தட்டினானாம். அதைச் சொல்லும்போது நீ சட்டையைக் கழற்றி உதறினாய்.

மெஷின் வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு அலுத்துவிட்டது. புத்தகம் முழுக்க வாசித்தவன் நீதானே, நீயே செய் என்றான். எழும்பிப் போகப்போகிறவன் அவன் என்று கணக்குப் போட்டவர்கள் நாம். நிலவறையில் மெஷினோடு நீ, மேலே அவன் மனைவி சிஞ்ஞோரா. அவள் மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். இரண்டாம் தரம் அடிக்க விடாதவன்தான் நல்ல வேலைக்காரன் என்று நமக்குள்ளேயே பெருமையாகப் பேசிக்கொள்வோம். மொண்டெல்லோவில் வேலை செய்யும் வீட்டில் நானும் கொதிக்கிற எண்ணெய்த் தாச்சியை விட்டுவிட்டு ஓடுகிறவன்தான். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. கைப்பிடியைப் பாதியில் விட்டு, நீ எத்தனை தரம் படியேறினாயோ.

ஒரு நாள் அவனுடைய தோட்ட வீட்டில், ஏற்றியவனே முதலில் சுட்டுப் பார்க்கட்டும் என்று சிரித்துக்கொண்டு ரிவோல்வரை நீட்டினானாம். நீ வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டினாயாம். மறுபடியும் நீட்ட, நீ வாங்கினாயாம். மருந்து இரண்டு தரம் விழுந்த கோதாக இருக்க வேண்டும், நான்காவது வெடியில் ரிவோல்வரின் உருளை பிளந்து ஒரு துண்டு உன் கழுத்தில் ஏறியது. அங்கே சமைத்த மன்னார் அக்கா இதை என்னிடம் அழுதழுது சொன்னா. பொலிஸ் கேட்டபோது ஒன்றும் காணவில்லை என்றா. அவவின் பெர்மெஸ்ஸோவும் அவன் கையில். அவவை நான் ஏசவில்லை. ஏச எனக்கு என்ன யோக்கியதை?

அவன் கொடுத்த வாக்குமூலத்தில் நீ கள்ளன். களவாக நிலவறைக்குள் போய் ஏற்றினாயாம், களவாக ரிவோல்வரை எடுத்து விளையாடினாயாம். அந்தக் கதை வன்னியில் இடம்பெயர்ந்து கிடக்கும் உன் மனைவிக்கும் போய்விட்டது. அவ எனக்கு எழுதியிருக்கிறா: "தம்பி, அவர் துவக்கு எடுத்தவரோ? களவெடுத்தவரோ? பிள்ளை வளந்து கேட்டா நான் என்ன சொல்ல?" அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எழுதினால் நான் சொல்லிக்கொடுத்ததையும் எழுத வேண்டும்.

அவனிடம் சொல்வதற்கென்று நீ முதலில் இத்தாலியனில் எழுதிவைத்த தாள் என்னிடம் இருக்கிறது. கையால் சுற்றுவது ஏன் கூடாது என்று ஆறு காரணம். கொடுக்காமல் மடித்து வைத்திருந்தாய். இப்போது அது என் சட்டைப் பையில் திரிகிறது, வியர்வையில் மை ஊறிவிட்டது.

அந்தக் கடையை விட்டு வந்தபின் இன்று வேலைக்குப் போகவில்லை. அவன் வழக்குப் பார்க்கும் கந்தோர் வாசலில் நின்று, கார் ஏறும்போது அந்தத் தாளைக் காட்டினேன். வாசித்தான். முழுவதும் வாசித்தான். "கெட்டிக்காரப் பையன்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினான். நான் கண்ணாடியில் தட்டி இத்தாலியனில் கேட்டேன். அவன் முன்னால் பார்த்துக்கொண்டு காரை எடுத்தான். பக்கத்தில் ஓடிக்கொண்டு தமிழிலும் கேட்டேன்:

"அவன்ரை மனுசிக்கு ஒரு வரி எழுதித் தா. ஏத்தச் சொன்னதும் நான், சுடச் சொன்னதும் நான் எண்டு, உன்ரை கையாலை ஒரு வரி."