கறுப்புச் சட்டையை வெள்ளையாக்குதல்

அக். 13, திங்கள்

காலையிலிருந்து மழை. திருவனந்தபுரம் பழவங்காடி முக்கில் முட்டளவு தண்ணீர். போட்டோ ஸ்டுடியோ முழுக்க ஈரச் செருப்பு நாற்றம். பி.டெக். முடித்துவிட்டு மணப்பெண்களின் முகப்பரு அழிக்கும் வேலை. கழுத்து வலி.

மத்தியானம் ஒரு அக்கா வந்தார். வீடு விழிஞ்ஞம், ஊர் வள்ளியூர்ப் பக்கம். புருஷன் நெஞ்சுவலியில் இறந்து பத்து நாள். போனில் இருப்பது ஒரே படம். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தது. தாடி, கறுப்புச் சட்டை. முகமெல்லாம் நீலம்.

"சட்டைய மட்டும் வெள்ளையாக்கித் தாங்க தம்பி."

"கறுப்ப மாத்துறது கஷ்டம்க்கா. அப்படியே மாட்டுங்க."

"பிள்ள இதப் பாத்துட்டு, அப்பா மலைக்கா போயிருக்கு, எப்ப வரும்னு கேக்கா."

ஞாயிறு பதினாறாம் நாள். சரி என்றேன்.

அக். 15, புதன்

மழை விட்டது. புழுக்கம். டீ கூட இறங்கவில்லை.

சிவப்பு என்றால் நீலமாக்க ஒரு நிமிடம். கறுப்பில் நிறமே கிடையாது, திரையில் நிற ஸ்லைடரை எங்கே இழுத்தாலும் அசையாது. வெளுத்தால் சாம்பல் அட்டை. மடிப்பு, பொத்தான் எல்லாம் கையால் வரைய வேண்டும். வரைந்தேன்.

முதலாளி சுனி சேட்டன் பின்னால் நின்று: "எடா, ஆ கல்யாண ஆல்பம் எந்தாயி? மரிச்ச ஆளு வெயிட் செய்யும். பெண்ணோட அச்சன் செய்யில்லா." செத்தவர் காத்திருப்பாராம், பெண்ணின் அப்பா மாட்டாராம்.

முகத்து நீலத்தை எடுக்கக் கல்யாணப் படங்களுக்குப் போடும் ரெடிமேட் செட்டிங்கைத் தட்டிவிட்டு அடுத்த வேலை. கரெண்ட் பில் கட்டணும். மறந்தாச்சு.

அக். 17, வெள்ளி

அக்கா கொழுந்தனோடு வந்தார். அவர் பெயர் முருகேசு, துறைமுகத்தில் கான்கிரீட் வேலை. படத்தைத் திரையில் காட்டினேன்.

"இது யாரு?"

"சட்டைய மாத்தியாச்சுல்லக்கா. தெளிவாத்தான இருக்கு?"

"தெளிவா இருக்கு. அவரு இல்ல. வெள்ளைச் சட்டை கேட்டா ஆளையும் வெள்ளையாக்கி வச்சிருக்கீங்க."

அப்போதுதான் உறைத்தது. அந்தச் செட்டிங் நீலத்தை மட்டும் எடுக்காது, தோலையும் வெளுக்கும். இங்கே எந்த மணப்பெண் வீட்டாரும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை.

"பழைய படத்துல முகம் நீலமா இருக்கு. நிஜ நிறம் எனக்கு எப்படித் தெரியும்?" குரல் உயர்ந்துவிட்டது. அக்கா கோபப்படவில்லை. கொழுந்தனின் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே நெறம். முழங்கைக்குக் கீழ பாக்காதீங்க, அது வெயில்ல கருகினது. சட்டைக் கையத் தூக்கு முருகேசு."

"மைனி, கடையில வச்சி..."

"தூக்குங்கேன்."

தோளருகே தெரிந்த நிறத்தைப் பார்த்து ஸ்லைடரை நகர்த்தினேன். இன்னும், இன்னும் என்றார் அக்கா. நான் போதும் என்று நினைத்த இடத்தையும் தாண்டி. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நிறுத்தினேன்.

பிரிண்ட் போட்டேன். முருகேசு அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி: "தம்பி, அப்படியே என்னையும் ஒண்ணு எடுத்து வச்சிருங்க. பின்னால யாரும் அலைய வேண்டாம்லா."

"வாயக் கழுவு மூதி," என்றார் அக்கா. ஆனால் அவரே காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சம்தான். எந்த ஸ்லைடரையும் தொடவில்லை.