ஆக்சிலேட்டருக்கு அடியில் ரோஸ்லின் செருப்பு

என் அருமை வாத்தியாரே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அங்கே ரோடெல்லாம் எப்படி? குழி இருக்கிறதா, வேகத்தடை இருக்கிறதா? இல்லை என்றால் நீ இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாய், எனக்குத் தெரியும். கனவில்கூட நீ வராததற்கு அதுதான் காரணம் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். வேறு காரணமும் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுதச் சொன்னது உன் மகள் மெர்சி. ஆசையாகச் சொல்லவில்லை, தண்டனையாகச் சொன்னாள். "மொதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க மாமா. அப்புறம் சித்தப்பாகிட்ட போய் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் வண்டியில கை வெக்கணும்." நம் நகர் சங்கத்து மலரில் உன் நினைவுக்கு ஒதுக்கின இடத்தில் இதுதான் வரப்போகிறது. நான் எட்டாவதை மூன்று வருஷம் படித்தவன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன், விஷயத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். உன் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. ஆக்சிலேட்டருக்கு அடியில், கால் விரிப்புக்குக் கீழே, ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. ஒட்டினவன் நான்.

திட்டு. ஆனால் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய் வரலாம், வா.

கேளம்பாக்கத்தில் உனக்கு அரை கிரவுண்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "பாம்பும் பனமரமும்தான் கீது அங்க, வித்துடு வாத்தியாரே" என்று சொன்னவன் நான்தான். கணக்கு வாத்தியார் சம்பளத்தில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேறு வழி ஏது? இப்போது அந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. கீழே பிரியாணிக் கடை. போகும்போதெல்லாம் கடைக்காரனிடம், "இது எங்க வாத்தியாரோட காரு மேல கட்டின பில்டிங்குபா" என்பேன். அவன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான்.

உன் தம்பி சாமுவேல் சிங்கப்பூரில் இருந்தான். அங்கே பத்து வருஷம் ஆன வண்டியை மேற்கொண்டு ஓட்டப் பெரிய தொகை கட்ட வேண்டும். அதனால் ஜம்மென்று இருக்கிற வண்டியைக்கூட வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒன்றை அவன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கே திரும்புகிறவன் தன் வண்டியைக் கப்பலில் கொண்டுவரலாம், ஆனால் ரெண்டு வருஷம் விற்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். உனக்காக அவன் அதைக் கொண்டுவந்தான். வண்டி மலிவு, வரி மலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உன் அரை கிரவுண்டு முழுசாகத் துறைமுகத்திலேயே கரைந்தது.

அந்த ரெண்டு வருஷமும் வண்டி செம்பாக்கத்தில் சாமுவேல் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீ நேரே அங்கேதான் போவாய். துடைப்பாய், உள்ளே உட்காருவாய், சாவி போடாமலே ஸ்டியரிங்கைத் திருப்புவாய். ஒரு நாள் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். நான் கண்ணாடியைத் தட்டி, "இன்னா வாத்தியாரே, இம்மாம் ஸ்பீடுல போற, கியர மாத்தவேயில்லையே?" என்றேன். வெட்கப்படுவாய் என்று பார்த்தால், நிஜமாகவே கியரை மாற்றினாய்.

வண்டி கைக்கு வந்த பிறகு பட்ட பாடு இருக்கிறதே! ரெண்டே கதவு. வயிறு தரையைத் தொடுகிற உயரம். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றுக்கும் உன் பெண்டாட்டி ரோஸ்லின் கீழே இறங்க வேண்டும். கஞ்சி போட்ட சேலை, ஒரு கையில் பைபிள், இடுப்பில் கைக்குழந்தை மெர்சி. நீ வண்டியைத் தாண்டவிட்டு நிறுத்துவாய், அவள் நடந்து வந்து மறுபடி ஏறுவாள். "நடந்தே போயிருந்தா இன்னேரம் பாட்டு முடிஞ்சி பிரசங்கமே ஆரம்பிச்சிருக்கும்" என்பாள். ஆனாலும் ஒரு நாள்கூட அவள் ஏற மாட்டேன் என்று சொன்னதில்லை. பயந்ததும் இல்லை, அந்த வாரம் வரைக்கும்.

மழை வாரம். வேளச்சேரி ரோட்டில், சதுப்பு நிலத்துப் பக்கம் நீட்டு ரோடு காலியாகக் கிடந்தது. நீ மிதித்தாய். நான் பின்னால் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி பம்பரம் மாதிரி ரெண்டு சுற்று சுற்றி, தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால், தாம்பரத்தைப் பார்த்து நின்றது. ஒரு கீறல் இல்லை. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மெர்சிகூடச் சிரித்தாள். ரோஸ்லின் மட்டும் வீடு வரும்வரை குழந்தையை இறுக்கிப் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் காலையில், நீ பள்ளிக்கூடம் போனதும், அவள் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, வண்டிய விக்கச் சொன்னா அவரு செத்துப்போயிடுவாரு. விக்காட்டியும் செத்துப்போயிடுவாரு. நீங்கதான் எதாவது பண்ணணும்."

"நான் இன்னாமா பண்றது? அவரு காலக் கட்டவா?"

"கால இல்ல. அந்த மிதியக் கட்டுங்க."

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கையில் தோதான ரப்பர் இல்லை என்றேன். சாக்குத்தான். அவள் தன் இடது கால் செருப்பைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். நீலப் பட்டை போட்ட வீட்டுச் செருப்பு. "இது போதுமா பாருங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது? குதிகால் பக்கத்தை வெட்டி ஒட்டினேன். மிதி பாதிகூட இறங்காது. வண்டி எண்பதைத் தாண்டாது.

அவள் இப்போது உன் பக்கத்தில்தானே இருக்கிறாள்? அவளைத் திரும்பிப் பார்த்து முறைக்காதே. ஒரு வேளை முன்னாலேயே சொல்லிவிட்டாளோ? சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் தண்டம். மேலே படிக்காமல் மடித்து வைத்துவிடு.

பத்து நாள் ஒட்டி வைப்போம், பயம் தெளிந்ததும் எடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ வண்டிக்கு மருத்துவம் பார்க்க ஆரம்பித்துவிட்டாயே! சிங்கப்பூரிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர் பெட்டியில் உனக்கு ஒரு பாகம் வரும். பிளக் வந்தது. பெட்ரோல் பம்பு வந்தது, லுங்கியில் சுற்றி, கோடாலித் தைலம் மணக்க மணக்க. சாக்லேட் கேட்ட மெர்சிக்கு ஏர் பில்டர் டப்பாதான் விளையாடக் கிடைத்தது. நான் ஒவ்வொன்றையும் பயபக்தியாக மாட்டினேன். மாட்டிவிட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு, நீ என் முகத்தைப் பார்ப்பாய். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

"ஸ்லோ சைக்கிள் ரேசுக்கு இட்டுகினு போ வாத்தியாரே. இதுதான் பஸ்ட்டு பிரைசு."

நீ கோபப்பட மாட்டாய். நோட்டைத் திறப்பாய். எடை இவ்வளவு, இன்ஜின் பலம் இவ்வளவு, அப்போ வேகம் இவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் போடுவாய். "கணக்கு தப்பாது கன்னியப்பா. எங்கயோ ஒரு மைனஸ் என் கண்ணுல படல." அந்த மைனஸ் உன் கால் கட்டை விரலுக்குக் கீழே இருந்தது. தேயத் தேய அதே செருப்பிலிருந்து வேறு துண்டு வெட்டி நான் மூன்று தடவை மாற்றினேன், வாத்தியாரே. வேறு மெக்கானிக் கை படக் கூடாது என்று ஊரெல்லாம் நீ சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதில் எனக்குப் பெருமை. மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிற தைரியமும்.

அதோடு நின்றிருந்தால் இதைக் கேலிக் கதையாகவே எழுதி முடித்திருப்பேன். நிற்கவில்லை.

ரோஸ்லின் போன பிறகு தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து அந்த நோட்டை முதலிலிருந்து மறுபடி போட்டாய். எல்லா பாகமும் புதுசு, ஆகவே இன்ஜின்தான் மோசம், ஆகவே தம்பி தெரிந்தே மோசமான வண்டியைத் தலையில் கட்டிவிட்டான். வாத்தியார் கணக்கு, விடை வந்துவிட்டது, கோடு போட்டு அடியில் எழுதிவிட்டாய். சாமுவேலுக்குப் போன் போட்டு, சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாய். நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நீ என்னை விட்டுவிடுவாயே என்ற பயம். தம்பியை நீ விட்டாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷம். நீ கண்ணை மூடுகிறவரைக்கும்.

அடக்கத்தன்று அவன் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நீ பார்த்திருப்பாயே.

இப்போது ஏன் சொன்னேன் என்று கேள். அடுத்த மாதம் மெர்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பையன், ஸ்கூட்டரில்கூட ஹெல்மெட் இல்லாமல் ஏற மாட்டான், நீ இருந்திருந்தால் உனக்குப் பிடித்திருக்காது. உன் வண்டியிலேயே கோயிலுக்குப் போய் இறங்க வேண்டும் என்று உன் மகளுக்கு ஆசை. பழைய வண்டி, பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும், சரிபண்ணித் தாருங்கள் என்று ஷெட்டில் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"மாமா, அப்பா எடத்துல நீங்கதான் என் கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போகணும்."

"நானா? அதுக்கு உங்க சித்தப்பா கீறாரே மெர்சி."

"அவர நான் கூப்பிடவே போறதில்ல. அப்பாவ ஏமாத்தினவரு. நோட்டுல எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்காரு அப்பா."

எனக்குக் கோட்டு போட்டு, பொம்பளைப் பிள்ளையைக் கைபிடித்துக்கொண்டு, பாட்டுப் பாட, எல்லோரும் எழுந்து நிற்க நடக்க வேண்டும் என்று ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ரொம்ப ஆசை. சும்மா தலையை ஆட்டியிருந்தால் நடந்திருப்பேன். ஆனால் அது சாமுவேல் நடக்க வேண்டிய நடை. வண்டிக் கதவைத் திறந்தேன், விரிப்பைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள். அம்மா கடைசிவரை போட்ட அதே மாதிரி செருப்பு. "அம்மாவோடதா?" என்று கேட்டாள். மொத்தத்தையும் சொன்னேன். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, முதலில் எழுதியிருக்கிறேனே, அந்தத் தண்டனையைச் சொன்னாள்.

உனக்கு முன்னாலேயே சாமுவேலிடம் போய்விட்டேன், மன்னித்துக்கொள். உயிரோடு இருக்கிறவன் அவன். இப்போது கேளம்பாக்கத்தில்தான், மகனோடு இருக்கிறான். நான் சொல்லச் சொல்ல அசையாமல் கேட்டான். எழுந்து உள்ளே போனான். கட்டையோடு வருவான் என்று நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு பைலோடு வந்தான். சிங்கப்பூரில் அந்த வண்டிக்கு வேலை பார்த்த ரசீதுகள், ஒன்று விடாமல்.

"இத எடுத்துக்கிட்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்தேன் கன்னியப்பா. தட்டினேன். கதவு தெறக்கல."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்? அன்னைக்கு நீ உள்ளயா இருந்த?"

"ஆமா சார். உள்ளதான் இருந்தேன்."

அவன் என்னைத் திட்டவில்லை. பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, கெளம்பு" என்றான். அவ்வளவுதான். எத்தனை பேரை எத்தனை கேலி பண்ணியிருப்பேன்! அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னையேதான் திட்டிக்கொண்டு நடந்தேன்.

நேற்று மெர்சி போன் பண்ணினாள். சித்தப்பா கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறாராம். என்னோடு அவர் பேசுவாரா என்று கேட்டேன். "அது அவரு இஷ்டம் மாமா" என்றாள். சரிதானே?

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ அறுபத்தொன்பது வயசு வரைக்கும் இருந்தாய், படுக்கையில் போனாய். அதில் அந்தச் செருப்புக்குப் பங்கு உண்டா, இல்லையா? உனக்கு எது பெரிசாக இருந்திருக்கும், அந்த வருஷங்களா, ஒரே ஒரு தடவை முழுசாக மிதித்திருப்பதா? உன் கணக்கு நோட்டில் இதற்கு வழி இருக்கிறதா?

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தத் துண்டைப் பிய்த்து எடுக்கப்போகிறேன். வண்டலூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் மெர்சி ஓட்டிப் பார்ப்பாள். "மெதுவா போவியா கண்ணு?" என்று கேட்டேன். "பயப்படணும்னா நானே பயந்துக்கறேன் மாமா. எனக்குப் பதிலா நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டாள். பயந்துகொண்டேதான் எடுப்பேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன், எழுதி வைத்துக்கொள். வாய் இருக்கிறவரைக்கும் எல்லோரையும் கேலி பண்ணுவேன், அதை விட முடியாது. ஆனால் இனிமேல் யாரையும் அவர்களுக்குத் தெரியாமல் காப்பாற்ற மாட்டேன், வாத்தியாரே.

உன் பெண்டாட்டி வாய்க்கு வாய் அண்ணா என்றதால்
உனக்கு மச்சானாகிப் போன,
கன்னியப்பன்