நாற்றம் நின்றுபோனது குறித்து

அனுப்புநர்:
சலவைக்கடை நடத்துபவர்,
கால்வாய் ஓரம், கடைசி வீடு,
பிசின் ஆலைக்குப் பின்தெரு.

பெறுநர்:
பொறியாளர் அவர்கள்,
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: என் முந்தைய புகாரின்பேரில் ஆலையின் நாற்றம் நின்றுவிட்டது – அதைத் திரும்ப வரவழைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொருள் வரியைப் படித்ததும் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கே அது விளங்காததால்தான் எழுதுகிறேன்.

1. ஆலையின் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வீசும் பாசி வாடை என் கடையில் காயும் விரிப்புகளில் ஏறுவதாகச் சென்ற மாதம் மனு கொடுத்திருந்தேன். விடுதிக்காரர் ஒருவர், “என்னம்மா, குளத்துக்குள்ள போட்டு எடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. தாங்களும் உடனே, நாற்றம் அறவே இருக்கக் கூடாது என்று ஆலைக்கு உத்தரவிட்டீர்கள். நாற்றம் நின்றது. நானும் மகிழ்ந்துபோய் நன்றிக் கடிதம் எழுதினேன். அது இப்போது ஆலை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

2. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் என் சொந்தத் தம்பி. நாற்றம் நின்ற மறுநாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன், “எல்லாம் செத்துப்போச்சுக்கா” என்றான். யாருடா என்றால், “பூச்சிங்க” என்கிறான்! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று பிறகு புரிந்தது. பிசின் காய்ச்சிய தண்ணீரில் பீனால் என்றொரு விஷம் வருமாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் இவை அதையே தின்று உயிர் வாழுமாம். விஷத்தைத் தின்கிற உயிர் எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். அவன் விளக்கினான், எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தப் பாசி வாடை அவை உயிரோடு இருந்ததன் வாடை என்பது மட்டும் புரிந்தது.

3. உத்தரவு வந்ததும் மேலாளர் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாராம். போட்டவனும் என் தம்பியே. “அளவாத்தான் போட்டேன், கொஞ்சமாவது தப்பிச்சுக்கும்னு நெனச்சேன். அதுவும் அக்கா கேட்ட விஷயமாச்சே” என்றான். இவனைத் திட்டுவதா, என்னைத் திட்டுவதா, மேலாளரையா? தங்களை என்று எழுத மாட்டேன்.

4. இப்போது தின்ன ஆளில்லாமல் விஷம் அப்படியே கால்வாய்க்கு வருகிறது. கால்வாயை ஒட்டியதுதான் எங்கள் கிணறு. ஆஸ்பத்திரித் தரை துடைத்த வாடை தண்ணீரில் வருகிறது. விரிப்பு அலசும் கை எரிகிறது. விரிப்பு கிடக்கட்டும் ஐயா, தம்பியின் கைக்குழந்தைக்கு வெந்நீர் போடுவதும் இதே கிணற்றிலிருந்துதான். குழந்தையின் தோல் சிவந்ததிலிருந்து அடுத்த தெருவில் போய்க் குடம் ஏந்தி நிற்கிறோம்.

5. தங்கள் அலுவலர் வந்து, கிணற்றுப் பக்கம் வராமல் தொட்டியருகே மட்டும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “நாத்தமே இல்லையேம்மா, அப்புறம் என்ன?” என்று கிளம்பிவிட்டார். வேறோர் ஆலையில் இதே விஷத்துக்குப் பழகிய உயிருள்ள சேறு இருக்கிறது, ஒரு லாரி கொண்டுவந்து ஊற்றி மெல்ல வளர்க்கலாம் என்கிறான் தம்பி. சேறு நாறும், உத்தரவை மீற முடியாது என்கிறார் மேலாளர். கேட்டால் என் கடிதத்தைக் காட்டுகிறார்! சரி, புகாரைத் திரும்பப் பெறலாம் என்று வந்தால் தங்கள் எழுத்தர், “தீர்ந்த மனுவ வாபஸ் வாங்க முடியாதும்மா. வேற ஏதாச்சும் குறை இருந்தா புதுசா எழுதுங்க” என்றார். எனக்கு உள்ள குறை நாற்றம் இல்லாததுதான். எனவே அதையே எழுதியிருக்கிறேன்.

ஆகவே, நாற்றம் கூடாதென்ற உத்தரவை நீக்கி, அந்தச் சேற்றைக் கொண்டுவர அனுமதிக்கவும், தொட்டி மீண்டும் உயிர்பெறும்வரை ஆலை ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே விடாதபடி தடுக்கவும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இனி என் விரிப்புகளில் எவ்வளவு பாசி வாடை ஏறினாலும் வாய் திறக்க மாட்டேன் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

இன்னும் குழப்பம் தீராத,
(கையொப்பம்)
சலவைக்கடைக்காரி

இடம்: கால்வாய் ஓரம்
நாள்: செவ்வாய்க்கிழமை

குறிப்பு: தாங்கள் நேரில் விசாரிக்க வந்தால் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவரவும். வீடு தேடி வருபவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாமல் இருக்கிறோம்.