கெட்டது தெரியாத புரதம்

இன்று காலை நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குக் கூரியரில் ஐஸ் நிரப்பிய ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த குளிரில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

திருக்கோகர்ணத்திலிருந்து வரும் நான் பஸ்ஸில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். கீரனூரில் நீ ஏறுவாய். திருச்சி போய்ச் சேரும்வரை நம் ஆராய்ச்சிப் பேச்சுத்தான். மூளையில் இருக்கும் ஒரு புரதம். அது நரம்பு செல்லின் மேல் ஒட்டினால் உள்ளே செய்தி போகும், இழை நீளும். பக்கத்து சீட்டுப் பாட்டிக்குக்கூட விளக்கம் சொல்லுவாய்: "பக்கத்து வீட்டுல கூப்பிட்டா எட்டிப் பாக்குறோம்ல ஆத்தா, அதான்."

என்னைப் பெண் பார்க்க வந்த வெள்ளிக்கிழமை, புரதக் குப்பியை ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்து ஃப்ரீசரில் வைக்கவேண்டியது என் வேலை. நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் மறந்தேன். திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து பார்த்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர், அதில் குப்பி மிதக்கிறது. பால் கெட்டால் திரியும், மீன் கெட்டால் நாறும். இந்தப் பாழாய்ப்போன புரதம் குளிரில்லாமல் கெட்டும் முன்போலவே தெளிவாக இருந்தது. யாரும் வருமுன் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

அதை வைத்துத்தான் நீ நான்கு மாதம் சோதனை செய்தாய். ஒரு செல்லும் இழை விடவில்லை. முன்னால் இழை நீண்டதாகக் காட்டிய முடிவுகளை நீ பொய்யாக எழுதியிருப்பாய் என்று நம் வழிகாட்டி முடிவே கட்டிவிட்டார். "எங்கிட்டுத் தப்புப் பண்ணேன்னே தெரியலடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். என் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் படிப்பும் போய்விடுமென்ற பயம். கோழை நான். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நீ படிப்பை விட்டுவிட்டு உன் ஊரான ஆவூரிலேயே நர்சரி பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். போனில் பேசும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். "சாப்ட்டியாடி" என்று நீ கேட்டதும், சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

மஞ்சள் காமாலையில் நீ போன அன்று, கல்லறையிலிருந்து திரும்பியதும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா கூடவே இருந்தே. எம்புள்ள அப்புடி என்ன தப்புப் பண்ணுச்சு, படிப்ப விட்டுட்டு வந்துருச்சு?"

இனி என் கல்யாணம் நிற்கப்போவதில்லை, படிப்பும் போகப்போவதில்லை. அப்போதும் சொன்னேன்: "தெரியலம்மா."

அவர் நம்பிவிட்டார். நீ ஏதோ தப்புச் செய்தாய் என்ற எண்ணத்தோடு உன்னைப் பெற்றவர் ஆவூரில் இருக்கிறார். அதைத் தீர்க்கக்கூடிய ஒரே ஆள் நான், ஒரு மணி நேர பஸ் தூரத்தில், இன்னும் போகாமல் இருக்கிறேன்.