டி.சி. வாங்காமல் வந்த நாள்

என்னங்க,

நேற்று போனில், பள்ளி அலுவலகம் பூட்டியிருந்தது என்றேன். திறந்துதான் இருந்தது. மகளின் டி.சி.க்காக வரிசையில் நின்று கவுன்டர் வரை போனேன்.

"என்ன காரணம்னு எழுதட்டும்மா?" என்றார் எழுத்தர். உங்களுக்கு வேலை மாற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"யோசிச்சுட்டு வாங்க, டி.சி. எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உங்கள் கணக்கு சரிதான். நீங்கள் மாற்றலாகிப் போன ஊரில் குவார்ட்டர்ஸ் இலவசம். இரண்டு வருட வாடகை மிச்சமானால் அவள் கல்லூரியின் முதல் வருடக் கட்டணத்துக்கு ஆகும். ஆனால் அங்கே பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் ஆசிரியரே இல்லை. இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். கட்டணம் சேர்த்து வைத்து, இடம் கிடைக்காமல் போனால்?

நீங்கள் ஆறு மாதமாகத் தனியாகச் சாப்பிடுவதும் எனக்குத் தெரியும்.

காலையிலிருந்து சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். "உட்காரும்மா, பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்கிறாள் மகள். எங்கே படிக்க ஆசை என்று அவளை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை நீங்களே வாருங்கள். அப்பா கையெழுத்தும் செல்லும். எழுத்தர் காரணம் கேட்பார். அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நீங்கள் சொல்லிவிட்டால், அன்றே பெட்டி கட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி