அடுப்படி ரேடியோவின் கடைசிக் காட்சி

ஜனவரி 9, வெள்ளி

பனி. எதிர்வீடு தெரியவில்லை, எதிர்வீட்டுக்காரரின் இருமல் மட்டும் தெரிந்தது. எங்கள் மைசூர் மைன்ஸ் தங்கச்சுரங்கக் குடியிருப்பு மொத்தத்தையும் பஞ்சு மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை: சுகர் மாத்திரை. செருப்பு வார். மூக்குக்கண்ணாடித் திருகு (நூல் கட்டி எத்தனை நாள்?).

பதினோரு மணிக்கு ஜெனி. என் தங்கை மகள், பெங்களூரில் சினிமா இயக்குநர். முதல் படம் ஓடவில்லை. இரண்டாவது, பரவாயில்லை, நடந்தது. கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"மாமா, ஓகே ஆயிடுச்சி. அடுப்படி ரேடியோ படமாவுது."

உடனே எழுந்து நின்று உலக மக்களுக்கு நன்றி தெரிவித்தேன். உலக மக்கள் சார்பில் ஜெனி கைதட்டினாள்.

வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் வசதிக்காக: மைன் மூடிய அடுத்த வருஷம், ரா.பேட்டை லோக்கல் கேபிளில் ஞாயிறுதோறும் வந்த மகா காவியம் அ.ரே. எபிசோடு எழுபதாயிரம். மனசாட்சிப்படி நாற்பத்தொன்று. செட்: எங்கள் லைன் வீட்டு முன்னறை. நடிகர்: அடியேன், நாற்காலியில், பேப்பரோடு. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அங்கிருந்து வரும் குரல் என் மனைவி பிலோமினா. முகம் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. "இன்னாங்க, கொஞ்சம் வாங்க" என்று மூன்று முறை கூப்பிடுவாள். மூன்றாவதுக்கு நான் பேப்பரை இறக்கி, "ஷிஃப்ட்டு முடிஞ்சிது! கேஜ் மேல வந்துடுச்சி, இனிமே எறங்காது!" என்பேன். அதற்கு அவள் திட்டும் திட்டுதான் மிச்ச எபிசோடு. கேஜ் என்பது சுரங்கத்துக்குள் எங்களை இறக்கி ஏற்றிய கூண்டு. கதை அவ்வளவே. வேலை போன ஓர் ஊர் அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சிரித்தது.

பிலோ போய்ப் பதினான்கு மாதம். இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்: "உங்க மூஞ்ச அவ்ளோ பெருசா காட்டுறாங்களா? ஜனங்க இன்னா பாவம் பண்ணிச்சி?"

ஜெனி கடைசிக் காட்சியைப் படித்துக் காட்டினாள். புருஷனுக்கு வயதாகிவிட்டது. அதே நாற்காலி. உள்ளிருந்து குரல், மூன்று முறை. அவன் அதே வசனம் சொல்கிறான். திரை கறுப்பு.

"தியேட்டர்ல விசில் பறக்கும் மாமா."

"மாத்து."

"இன்னாது?"

"கடைசி சீன மாத்து. அவன் எழுந்து போவணும். மொதல் தடவ கூப்புடும்போதே."

"போனா அது அடுப்படி ரேடியோவே இல்ல மாமா. அவரு போவாததுதான் காமெடி. ஏன் போவணும், சொல்லுங்க."

டீ வாங்கி வருகிறேன் என்று ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபிளாஸ்க்கில் டீ இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் ஹாலில் குரல் தேர்வு. பிலோ குரலுக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் நடுவர். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட்.

மூன்று லட்சம் பெண்கள் வந்திருந்தார்கள். ஜெனி நோட்டில் இருபத்தாறு. எல்லாருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போகும் பெண் ஒருத்தி: "எங்கம்மா என்ன திட்டுறதே உங்க சீரியல பாத்துத்தான் சார்." ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர், கையில் ஜபமாலையோடு, என்னை நாயே பேயே என்று ஐந்து நிமிடம் திட்டினார். முடித்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, தையல்கடை மேரி. ஸ்கிரீனுக்குப் பின்னால் போய் நின்றாள். "இன்னாங்க... கொஞ்சம் வாங்க."

நான் எப்போது எழுந்தேன் தெரியாது. ஹாலைத் தாண்டி, ஸ்கிரீன் துணியில் கை வைத்திருந்தேன். ஹால் அதிர்ந்தது. விசில். "பாருடா, இப்பவும் இன்னா நடிப்பு!" பின் வரிசையிலிருந்து ஒருவன்: "ஐயா, கேஜ் எறங்கிடுச்சே!"

என்ன செய்வது? சக்கரவர்த்தி மாதிரி இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மேரிதான் என்று ஜெனி முடிவு செய்தாள். வடை ஊசிப்போயிருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

ஹீரோ வந்தார், என் வேஷத்தை என்னிடமே படிக்க. ஆறடி உயரம், அதில் பல் மட்டும் மூன்றடி. நல்ல மனிதர். நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டார். லைன் முழுக்க செல்ஃபி எடுக்க நின்றது. ஒரு கோழி உட்பட.

கால் மேல் கால் எப்படிப் போடுவது, பேப்பரை எந்த உயரத்தில் பிடிப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் கேட்டார்: "சார், அந்த கேஜ் டயலாக் சொல்றப்ப உங்க மனசுக்குள்ள என்ன ஓடும்?"

"ஒண்ணும் ஓடாது தம்பி."

"அப்படியா?"

"அதான் அதுல விசேஷம்."

எழுதிக்கொண்டார்.

மாத்திரை போட மறந்தேன். திருகு இன்னும் நூல்தான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பனி குறைவு. லைன் முழுக்கக் கரும்புச் சக்கை.

பக்கத்து வீட்டு சரோஜா பொங்கல் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பார்கள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வழக்கமாக ஓடுவாள். இன்று நின்றாள்.

"அண்ணே, படம் முடியறப்ப அந்த கேஜ் வசனம் வருதாமே."

"ஆமா. விசில் பறக்குமாம்."

"வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"ஏன்?"

முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு நானும் கேட்டேண்ணே. சுவத்துக்கு அந்தாண்ட. மூணு தடவையும். நீங்க கேஜ் எறங்காதுன்னீங்க. எனக்கு சிரிப்பு வந்திடுச்சி. 'கெழவனும் கெழவியும் பழைய டிராமாவ மறுபடி போடுறாங்க பாரு'ன்னு எங்க ஊட்டுக்காரர கூப்ட்டு சொன்னேன். அவரும் சிரிச்சாரு." அழுதாள். "யாருகிட்டயும் சொல்லலண்ணே."

நானும் சொல்லவில்லை. இந்த நோட்டிடம்கூட.

சரி, எழுதிவிடுகிறேன். பிலோ போன அன்று, காலை பத்து மணி. நாற்காலி. கிரிக்கெட் பக்கம். மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது கொஞ்சம் சன்னமாக இருந்தது. நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். வசனத்தைச் சொன்னேன். திட்டு வரவில்லை. திட்டு வராததற்கும் சிரித்தேன், இது புதுசாக இருக்கிறதே என்று. ஸ்கோரைப் படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"ஒடனே பாத்திருந்தாலும்..." என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பதினான்கு மாதமாக நான்தான் விதவிதமாக முடித்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலில் முந்திரி அதிகம். சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 17, சனி

ஜெனியிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், நாற்காலி வேண்டாம் என்று.

அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம். மூக்கைத் துடைத்தாள். தரையைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒன்று மாறியதைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த மாற்றம்தான். நல்ல எபிசோடு ஒன்று மாட்டினால் என் முகம் அப்படித்தான் ஆகும்.

"மாமா... தப்பா நெனைக்காதீங்க. அத நான் எடுக்கட்டுமா? கடைசி சீனா?"

"வெளிய போடி."

"மாமா..."

"உங்க அத்த செத்தது உனக்கு சீனா? போ, எழுந்து போ!"

போனாள். பையை விட்டுவிட்டுப் போனாள். ஒரு மணி கழித்து டிரைவர் வந்து வாங்கிப்போனார். வாசலில் நின்று அவர் சொன்ன ஒரே வார்த்தை: "கார்ல ஒரே அழுவ சார்."

ஜனவரி 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். இல்லை.

முதல் எபிசோடு ஞாபகம். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனை வரவழைத்து, கேமராவைத் துணிக்கூடைக்குள் ஒளித்து வைத்தோம். பிலோவுக்குத் தெரியாது. அவள் வழக்கம்போலக் கூப்பிட்டாள், வழக்கம்போல நான் போகவில்லை, வழக்கம்போலத் திட்டினாள். வசனம் ஒன்றும் எழுதவில்லை. நான் எழுதினேன் என்று ஊரிலுள்ள அத்தனை மேடையிலும் மாலை வாங்கியிருக்கிறேன்.

அது கேபிளில் வந்த ஞாயிறு, அவள் மளிகைக்கடையில். கடையில் டிவி. எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தார்களாம். சாமானை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "அடுத்தது எப்போ?" என்றாள். "மூஞ்ச மட்டும் காட்டாதீங்க." சம்மதித்துவிட்டாள் என்று குதித்தேன். அந்த இரண்டு நாள் என்ன நினைத்தாள்? கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு தெருவில் அவள் நிஜமாகக் கோபப்பட்டாலும் ஜனம் சிரித்தது. நானுந்தான்.

ஜெனியாவது 'எடுக்கட்டுமா' என்று கேட்டாள்.

நாலு மணிக்கு போன் போட்டேன்.

"எடு."

"ஊருக்கே தெரிஞ்சிடும் மாமா. உங்கள எல்லாரும்..."

"தெரியட்டும். மாலய எல்லாம் நான்தானே வாங்கினேன்."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"ஆனா ஒண்ணு. அவன் சிரிக்கிறதயும் காட்டு. மறைக்காத. அப்புறம் உள்ள போறான் இல்ல, அப்ப கேமரா அவன்கூடவே போவணும். அந்த அடுப்படிய ஜனங்க பாக்கணும். அவ மூஞ்சி வேணாம். அவ நின்ன எடம்."

"சரி மாமா." அழுகிறாளா எழுதுகிறாளா தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும். எங்கள் ரத்தம்.

ஜனவரி 22, வியாழன்

வெயில். லைனில் மூன்று வேன், ஒரு ஜெனரேட்டர், வயர் பாம்பு ஆயிரம். நாளை கடைசிக் காட்சி, எங்கள் வீட்டிலேயே. ஹிட்லர் படைகூட இத்தனை டீ குடித்திருக்காது.

சிக்கல்: அடுப்படி காலி. வருஷப் பூசை முடிந்ததும் ஜெனியின் அம்மா பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மெஸ் சாப்பாடு. அந்தப் பக்கம் நான் போவதில்லை.

செட் போடுவது ஒரு கன்னட அம்மா. நல்ல பொறுமை. நிஜத்தில் எது எங்கே இருந்ததோ அங்கேதான் வைப்பாராம். ஜெனியின் கட்டளை. ஜாடியைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "சார், உப்பு எல்லி?"

"அடுப்புக்கு ரைட்ல." ராஜ கட்டளை. வைத்தார்.

"டீத்தூள்?"

"மேல் தட்டு."

"அரிசி? பேளே?"

"மேல. பருப்பும் மேல."

"எல்லா மேலேனா சார்?" சிரித்தார்.

வாசலில் சரோஜா. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "மேல இன்னாத்துக்குண்ணே? அவளுக்குத்தான் வலது கை தோளுக்கு மேல ஏறாதே."

"எப்போலேர்ந்து?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாவறதுக்கு ரெண்டு வருசம் முன்னாலேர்ந்தே. எல்லாத்தையும் கீழ எறக்கி எடப்பக்கமா வச்சிக்கினா. உப்பு, புளி, எல்லாமே. பெரிய குக்கர் மட்டும் கீழ எடமில்லன்னு மேல. அத எறக்கத்தான் உங்கள கூப்புடுவா."

"என்னையா? எப்போ கூப்ட்டா?"

"டெய்லி கூப்புடுவாளே அண்ணே. எனக்கே கேக்கும்."

கன்னட அம்மா உப்பு ஜாடியோடு நின்றுகொண்டிருந்தார். தமிழ் அவ்வளவு தெரியாது, ஆனால் எங்கும் வைக்காமல் நின்றார்.

நான் சொன்னது எல்லாம் தப்பு என்று அவரிடம் சொன்னேன். ஒவ்வொன்றாக இறக்கினேன். உப்பு, டீத்தூள், அரிசி, பருப்பு. சரோஜா இடம் காட்டினாள், நான் வைத்தேன். இடப்பக்கம், கீழே.

கடைசியில் குக்கர். மேல் தட்டில் வைத்துப் பார்த்தேன். இறக்கிப் பார்த்தேன்.

கனமே இல்லை. ஒரு கை போதும்.